மொட்டை மாடி போன்சாய்க்கு ஸ்டாண்ட்: உப்புக் காற்றில் இரும்பா, மரமா, கடப்பாக்கல்லா?

தொட்டிஆல் (தண்டையார்பேட்டை)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கடற்கரையிலிருந்து நடந்து போகிற தூரம். தரைத்தளம், முதல் மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. ஆல், இச்சி, புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ, அடேனியம் என்று இருபதுக்குப் பக்கமாகத் தொட்டிகள் சேர்ந்துவிட்டன. பாதி தரையில் இருக்கிறது, பாதி கைப்பிடிச் சுவர் மேல். சுவர் மேல் இருப்பதற்கு அம்மா தினமும் திட்டுகிறார். கீழே தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், அதனால் அவர் திட்டுவது நியாயம்தான். தரையில் இருக்கும் இச்சியோ தொட்டி ஓட்டை வழியாக வேரை விட்டுத் தட்டோட்டு இடுக்கில் நுழைக்கப் பார்க்கிறது.

ஒழுங்காக ஒரு ஸ்டாண்ட் செய்துவிடலாம் என்று வெல்டிங் பட்டறையில் கேட்டேன். ஒரு இன்ச் ஸ்கொயர் பைப்பில் மூன்று படி, மேலே பிளைவுட், பச்சை பெயிண்ட் என்றார்கள். அப்பா கடப்பாக்கல் போதும் என்கிறார். இணையத்தில் ஜப்பான் தோட்டங்களைப் பார்த்தால் எல்லாம் மரம். எதைச் செய்வது? உயரம் எவ்வளவு வைப்பது? நான்கைந்து மழைக்காலமாவது தாங்க வேண்டும்.

கரைவலை (காசிமேடு)

தம்பி, ஸ்கொயர் பைப் வேண்டாம். நான் படகுக்கு ரெய்லிங், ஸ்டாண்டு எல்லாம் செய்து கொடுக்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் ஏரியாவில் இரும்பு வெளியிலிருந்து மட்டும் துருப்பிடிப்பதில்லை. பைப்புக்குள் ஈரக் காற்று போகும், உப்பும் சேர்ந்து போகும், ஆனால் வெளியே வராது. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே தாள் கனத்துக்கு அரித்திருக்கும். ஒருநாள் தொட்டியைத் தூக்கி வைக்கும்போது கால் மடங்கும். முக்கியமாகத் தரையைத் தொடும் கடைசி இரண்டு இன்ச். மாடியில் மழைத்தண்ணீர் நிற்கும் இடத்தில் கால் நின்றால் அங்கேதான் முதலில் போகும்.

எல் ஆங்கிளில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். துரு வந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து மறுபடி பெயிண்ட் அடிக்கலாம். 40×40×5 ஆங்கிள் மீட்டருக்கு 3 கிலோ வரும், உங்கள் வேலைக்குத் தாராளம்.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வாங்கினால் துருப்பிடிக்காது என்று கடையில் சொல்வார்கள். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து போய்விடும், அந்த மூட்டுதான் முதலில் சிவக்கும். அந்தப் புகையும் நெஞ்சுக்கு ஆகாது. ஜி.ஐ. என்றால் துளை போட்டு நட்டு போல்ட்டில் சேருங்கள். சாதா இரும்பு என்றால் வெல்டிங் முடிந்தபின் கசடைத் தட்டி எடுத்து, நன்றாகத் தேய்த்து, எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், அப்புறம்தான் பெயிண்ட். வெறும் ரெட் ஆக்சைடு அடித்து அதன் மேல் எனாமல் என்பது கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் சரிப்படும், கடலோரத்தில் சரிப்படாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்பீர்கள். 304 கூட நம் காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும், 316 நிற்கும். விலையைக் கேட்டால் மரத்தை விற்றுத்தான் ஸ்டாண்ட் வாங்க வேண்டும்.

பழைய_மாலி (பெரம்பூர்)

இரும்பைப் பற்றி கரைவலை சொன்னது சரி. நான் தொட்டியில் வளரும் மரத்தின் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

ஜப்பான் படம் பார்த்ததாகச் சொன்னீர்கள். அவற்றில் நிறைய ஓமியாவில் எடுத்தவையாக இருக்கும். 1923 காந்தோ நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவின் போன்சாய்க்காரர்கள் இடம் பெயர்ந்து 1925-இல் அமைத்த கிராமம் அது. அங்கே பலகையும் கட்டையும் அழகாக நிற்கிறது என்றால், அந்த ஊர் கடலிலிருந்து உள்ளே இருக்கிறது. வெயிலும் வேறு. அவர்கள் இருப்பது 36 டிகிரி வடக்கில், நண்பகல் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கில்தான் நிற்கும். நாம் 13 டிகிரி. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. அதனால் அவர்கள் புத்தகத்தில் ‘தெற்குப் பார்த்து வை’ என்று இருப்பதை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். நமக்கு எதிரி பிற்பகல் மேற்கு வெயில். மாடிப்படி அறைக்குக் கிழக்கே ஸ்டாண்டை வைத்தால் மூன்று மணிக்கு மேல் அந்த அறையின் நிழல் விழும். கத்திரியில் அந்த நிழல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

உயரத்துக்கு வருவோம். நின்று பார்த்தால் மரத்தின் நடுப்பகுதி கண்ணுக்கு நேராக வர வேண்டும் என்பது காட்சிக்கான கணக்கு. தினமும் தண்ணீர் ஊற்ற, களை எடுக்க, கிளையை வளைக்கக் கம்பி கட்ட அது ஒத்துவராது. மண்ணின் மேற்பரப்பு உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். காய்ந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டியிருந்தால் ஒரு வாரத்தில் பார்ப்பதையே விட்டுவிடுவீர்கள். இரண்டரை அடி வையுங்கள், சின்ன மரங்களுக்கு மூன்று. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் கண் மட்டத்துக்கு வந்துவிடும்.

மூன்று படி வேண்டவே வேண்டாம். கொலுப்படி மாதிரி அடுக்கினால் பார்க்க நன்றாக இருக்கும், வளர்க்க நன்றாக இருக்காது. மேல் படித் தண்ணீர் கீழ்த் தொட்டியில் சொட்டும், கீழ்ப் படிக்கு வெயில் ஒரு பக்கம்தான் விழும். வாரம் ஒருமுறை தொட்டியைத் திருப்பி வைக்க வேண்டும். பின்வரிசையைத் திருப்ப முன்வரிசையை இறக்க வேண்டும் என்றால் யார் செய்வார்கள்?

அப்பா_கட்சி (வண்ணாரப்பேட்டை)

ஹாலோ பிளாக் அடுக்கி மேலே கடப்பாக்கல். துரு கிடையாது, கரையான் கிடையாது, பெயிண்ட் கிடையாது. ஒரே நாள் வேலை. இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

செங்கல்சிமெண்ட் (வியாசர்பாடி)

பேச்சு எதற்கென்றால் எடைக்கு. தரையில் வைப்பதென்றால் உங்கள் கட்சியில் நானும் சேர்கிறேன். மாடியில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

18×12×4 இன்ச் தொட்டி ஏறக்குறைய 14 லிட்டர் கொள்ளும். ஈர மண்ணை லிட்டருக்கு ஒன்றரை கிலோ என்று வைத்தால் 20 கிலோ. தொட்டி, மரம் சேர்த்து 25. ஆறடி நீளம், ஒன்றரை அடி அகல ஸ்டாண்டில் இப்படி நான்கு: 100 கிலோ.

இப்போது ஸ்டாண்ட். ஒன்றேகால் இன்ச் கடப்பாக்கல் ஆறுக்கு ஒன்றரை அடி, 70 கிலோவுக்கு மேல். ஒரே கல்லாகப் போட்டால் நடுவில் உடையும், இரண்டு மூன்றடித் துண்டுகளாகத்தான் போட முடியும், ஆகவே மூன்று இடத்தில் முட்டு. ஒரு முட்டுக்கு 8 இன்ச் ஹாலோ பிளாக் மூன்று என்றால் மொத்தம் ஒன்பது, ஒன்று 18 கிலோ என்று வைத்தாலும் 160. கூட்டினால் 330 கிலோ. இது நிற்கும் இடம் முக்கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 (கட்டடப் பாரத்துக்கான இந்தியத் தரநிலை) சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது 150 கிலோ சொச்சம். உடனே பயப்பட வேண்டாம், அந்த எண் தளம் முழுக்கப் பரவலாக வரும் பாரத்துக்கு. ஒரு ஸ்டாண்ட் சுவரை ஒட்டி நின்றால் பாரம் நேராகச் சுவருக்கு இறங்கிவிடும். ஆனால் இவருக்கு இருபது தொட்டி. கீழே ஹாலின் நடுப்பகுதிக்கு மேலே இப்படி நான்கு வரிசை கட்டினால் அது சரியில்லை.

அதே நீளத்துக்கு ஆங்கிள் சட்டம், மரப்பலகை என்றால் ஸ்டாண்ட் 50 கிலோவுக்குப் பக்கம்தான், தொட்டியோடு 150. பாதிக்கும் கீழே.

இன்னொன்று. ஸ்டாண்ட் காலைத் தளத்தில் துளைபோட்டு போல்ட் அடிக்கலாம் என்று எந்தப் பட்டறைக்காரர் சொன்னாலும் விடாதீர்கள். தட்டோடும் சுண்ணாம்பு ஜல்லித் தளமும் சேர்ந்துதான் தண்ணீரைத் தடுக்கிறது. ஒரு துளை போதும், ஐப்பசியில் கீழே ரூமில் பாத்திரம் வைக்க வேண்டியிருக்கும்.

ராயபுரம்_முற்றம்

சார், எங்களுடையது பழைய வீடு, மெட்ராஸ் டெரஸ். நானும் இதே யோசனையில்தான் இருக்கிறேன். அதற்கு என்ன கணக்கு?

செங்கல்சிமெண்ட் (வியாசர்பாடி)

அதற்குக் கணக்கே போடாதீர்கள், முதலில் கீழிருந்து அண்ணாந்து பாருங்கள். அந்தத் தளத்தைத் தாங்குவது தேக்குச் சட்டங்கள். அதன் மேல் மெல்லிய செங்கலைக் குறுக்காக நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். சட்டத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தில் ஈரம் ஏறி மக்கியிருந்தால் வெளியே தெரியாது. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் மாடியில் எதையும் ஏற்றாதீர்கள், பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நல்ல நிலையில் இருந்தாலும் சின்னத் தொட்டிகளைச் சுவரோரம் வைப்பதோடு சரி. பெயரிலேயே முற்றம் இருக்கிறதே, அங்கே நாலு மணி நேரம் வெயில் வந்தால் அங்கேயே வையுங்கள். கடப்பாக்கல்லும் தாராளமாகப் போடலாம்.

பழைய_மாலி (பெரம்பூர்)

முற்றத்தில் கடப்பாக்கல் சரி. மாடியில் அதற்கு வேறொரு குறையும் உண்டு. கறுப்புக் கல், மே மாத மதியத்தில் கை வைக்க முடியாது. போன்சாய்த் தொட்டி மூன்று நான்கு இன்ச் ஆழம்தான், கல்லின் சூடு நேராக வேருக்குப் போகும். கல்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் இரண்டு ரீப்பர் துண்டு வைத்து, காற்று போக இடம் விடுங்கள். தண்ணீர் வடியவும் அது உதவும்.

உளி (கொளத்தூர்)

ஸ்டாண்டுக்கான மரப்பலகையைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை, நான் ஆரம்பிக்கிறேன்.

பிளைவுட் வேண்டாம். மரைன் பிளை என்றாலும் வெட்டிய ஓரம் திறந்திருந்தால் தண்ணீர் குடித்து ஏடு ஏடாகப் பிரியும். டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகை மக்காது, ஆனால் வெயிலில் சூடேறித் தொட்டி எடையில் தொய்ந்துவிடும். அடியில் ஒரு அடிக்கு ஒரு முட்டு கொடுத்தால்தான் நேராக நிற்கும்.

பழைய வீடு இடிக்கும்போது வரும் தேக்குச் சட்டத்தை வாங்கி அறுங்கள். வடசென்னையில் வாரத்துக்கு ஒரு பழைய வீடாவது விழுகிறது (வருத்தம்தான், ஆனால் அந்தக் கட்டை அடுப்புக்குப் போவதை விட நம் ஸ்டாண்டுக்கு வரட்டும்). வாங்கும்போது காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள், உள்ளே ஆணி இருந்தால் அறுவை மில்லில் வாங்க மாட்டார்கள். வைரம் பாய்ந்த பனங்கை கிடைத்தால் இன்னும் நல்லது. ஓட்டு வீட்டுக் கூரையில் இரண்டு தலைமுறை கிடந்தது, நம் தொட்டிக்குத் தாங்காதா? சொரசொரப்பைச் சீவித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் சிலாம்பு கையில் ஏறும். சவுக்குக் கட்டை மலிவு என்று போய்விடாதீர்கள், சாரம் கட்டத்தான் அது லாயக்கு.

பலகை மூன்று இன்ச் அகலம், ஒன்றேகால் இன்ச் கனம். பலகைக்குப் பலகை அரை இன்ச் இடைவெளி. அதற்கு மேல் விட்டால் சின்னத் தொட்டியின் கால் இடறும். விடவே இல்லையென்றால் மழையில் மரம் உப்பி ஒன்றையொன்று தள்ளும், ஆலிலைச் சருகு அடைத்துக்கொண்டு ஈரம் நிற்கும். மேலிருந்து ஸ்க்ரூ அடிக்காதீர்கள், அந்தக் குழியில் தண்ணீர் தங்கும். ஆங்கிளில் துளை போட்டுக் கீழிருந்து ஏற்றுங்கள். ஒரு பலகை போனால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

வார்னிஷ் நம் வெயிலில் ஒரு கோடையில் உரியும், சுரண்டாமல் மறுபடி அடிக்கவும் முடியாது. லின்சீட் ஆயிலில் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து துணியால் தேய்த்து ஊறவிடுங்கள், முக்கியமாக அறுத்த முனைகளில். வருஷத்துக்கு ஒருமுறை, புரட்டாசியில் மழைக்கு முன் மறுபடி. ஒரு எச்சரிக்கை: எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கரைவலை (காசிமேடு)

உளி அண்ணா, எங்கள் பக்கம் மரப்படகுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள். பூச்சி அண்டாது, தண்ணீர் இறங்காது. கையில் பட்டால் தோல் வெந்துவிடும், கையுறை போட்டுத்தான் பூச வேண்டும்.

உளி (கொளத்தூர்)

தெரியும் தம்பி. படகுக்குச் சரி. தினமும் கை வைத்து வேலை செய்யும் இடத்தில் நான் பூச மாட்டேன்.

தொட்டிஆல் (தண்டையார்பேட்டை)

ரயில்வே ஸ்லீப்பர் கட்டை ஒரு இடத்தில் கிடக்கிறது, எடுக்கலாமா?

உளி (கொளத்தூர்)

தார் வாசனை வந்தால் தொடாதீர்கள். கிரியோசோட் ஏற்றிய கட்டை அது. வெயிலில் கசியும், கைக்கும் வேருக்கும் ஆகாது. எடையைப் பற்றி வியாசர்பாடி சார் சொல்லிவிட்டார்.

ஒற்றியூர்_மாடி (திருவொற்றியூர்)

எல்லோரும் கீழே இழுக்கும் எடையைப் பேசுகிறீர்கள், பக்கவாட்டில் தள்ளும் காற்றை விட்டுவிட்டீர்களே. 2016 டிசம்பர் 12 வர்தா புயலைப் பார்த்தவர்கள் மறக்கக் கூடாது. தெருவில் நின்ற பெரிய மரங்களே போய்விட்டன. போன்சாயின் தலை பெரிது, தொட்டி ஆழம் குறைவு, காற்று தலையைப் பிடித்தால் மண்ணோடு தொட்டியை விட்டு வெளியே வரும்.

நான் செய்வது இதுதான். தொட்டி மாற்றும்போதே ஓட்டை வழியாக அலுமினியக் கம்பி கொடுத்து வேரைத் தொட்டியோடு கட்டிவிடுவேன். தொட்டியை ஸ்டாண்டோடு கட்டத் தனிக் கம்பி, பலகை இடைவெளி வழியாக இறக்கி அடியில் முறுக்கிவிடுவது. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், தரையிலிருந்து நாலு இன்ச் உயரத்தில், மணல் மூட்டை வைத்தால் அதன் பாரமே ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்துக்கு மட்டும், அதுவும் சுவரோரம் நிற்கும் ஸ்டாண்டுக்கு மட்டும். அப்புறம் மூட்டையை இறக்கிவிடுவேன்.

பச்சை வலையை ஸ்டாண்டிலேயே கம்பு நட்டுக் கட்டுகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். வலை பாய்மரமாகி ஸ்டாண்டையே இழுக்கும். வலைக்குத் தனிக் கம்பம், அதிலும் அவிழ்க்க வசதியாகச் சுருக்கு முடிச்சு. துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வந்தால் வலை இறங்கிவிடும், பெரிய மரங்கள் ஸ்டாண்டை விட்டுத் தரைக்கு வந்து சுவரோரம் நிற்கும். 2023-இல் மிக்ஜாம் வந்தபோதும் அப்படித்தான் செய்தேன்.

மணலிக்காரன்

எங்கள் பக்கம் இலையில் கறுப்புத் தூசி படியும், உங்கள் பக்கம் உப்பு படியும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான், சாயங்காலம் தலையோடு தண்ணீர் தெளிப்பது. ஆனால் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைத் தெளித்து என்ன பயன்? தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே தண்ணீர்தான் ஸ்டாண்டின் போல்ட்டிலும் வடிகிறது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மெட்ரோ தண்ணீர்.

தொட்டிஆல் (தண்டையார்பேட்டை)

எறும்புக்கு என்ன செய்வது? ஸ்டாண்ட் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

ஒற்றியூர்_மாடி (திருவொற்றியூர்)

அய்யோ வேண்டாம் தம்பி. கொசு முட்டையிடும், மாநகராட்சியிலிருந்து கொசு மருந்து அடிக்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கவிழ்ப்பார்கள். கரைவலை சொன்ன கடைசி இரண்டு இன்ச்சும் தண்ணீரிலேயே ஊறும். காலில் ஒரு சாண் உயரத்தில் டேப் சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவுங்கள், போதும். ஸ்டாண்ட் சுவரைத் தொடக் கூடாது, கிளை சுவரைத் தொடக் கூடாது, இல்லையென்றால் அந்த வழியில் ஏறிவிடும்.

எறும்பை விட எனக்குக் காக்காய்தான் தொல்லை. தொட்டியில் போட்ட பாசியைக் கொத்திக் கூட்டுக்குக் கொண்டு போகிறது, பதிலுக்கு மீன் முள்ளைப் போட்டுவிட்டுப் போகிறது.

கரைவலை (காசிமேடு)

எங்கள் மார்க்கெட் முள்ளாகத்தான் இருக்கும் அக்கா. உரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய_மாலி (பெரம்பூர்)

அதை மண்ணில் புதைத்தால் பூனை தோண்டும். எடுத்து எறிந்துவிடுங்கள்.

நல்ல மரம் ஒன்றிரண்டுக்குத் தனி ஸ்டாண்ட் வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். ஒற்றைக்கால் ஸ்டாண்ட் பார்க்க ரொம்ப அழகு, சுற்றி வந்து நான்கு பக்கமும் பார்க்கலாம், காக்காய் தவிர எதுவும் ஏறாது. மண் தரையில் வேலிக்கல் ஒன்றை நட்டால் முடிந்தது. மாடியில் நட முடியாது. 20 லிட்டர் பெயிண்ட் டப்பாவில் நடுவே இரண்டு இன்ச் ஜி.ஐ. பைப்பை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றுங்கள், 45 கிலோவுக்கு மேல் வரும். பைப்பின் மேல்முனையில் மரையிட்டு ஃபிளாஞ்ச் (துளைகள் உள்ள வட்டத் தகடு) மாட்டி அதில் பலகை. டப்பாவை அப்படியே விட்டால் அடி துருப்பிடித்துத் தளத்தில் கறை விடும், பிளாஸ்டிக் டப்பாவாக எடுங்கள். இதிலும் ஒன்றரை அடிக்கு உயர்ந்த மரம் வேண்டாம்.

அப்பா_கட்சி (வண்ணாரப்பேட்டை)

கால் மட்டும்தானே துருப்பிடிக்கிறது? நாலு இன்ச் பி.வி.சி. பைப்பில் ஒரு கம்பி விட்டுக் கான்கிரீட் ஊற்றினால் துருப்பிடிக்காத கால் கிடைக்கும். நான்கு கால், மேலே ஆங்கிள் சட்டம், அதன் மேல் பலகை. கல்லை விட்டுக் கொடுத்துவிட்டேன், இதையாவது ஏற்றுக்கொள்ளுங்கள்.

செங்கல்சிமெண்ட் (வியாசர்பாடி)

ஏற்றுக்கொள்ளலாம். இரண்டரை அடிக் கால் ஒன்று 15 கிலோ வரும், நான்குக்கு 60. கல்லும் பிளாக்கும் போட்டதை விட எவ்வளவோ மேல். ஆனால் கால்கள் ஆடாமல் இருக்கக் குறுக்குச் சட்டம் கட்டாயம். கான்கிரீட் ஊற்றும்போதே மேல்முனையில் போல்ட்டைத் தலைகீழாகப் புதைத்துவிடுங்கள், ஆங்கிளை அதில் மாட்டி முடுக்கலாம்.

தொட்டிஆல் (தண்டையார்பேட்டை)

நன்றி எல்லோருக்கும். அப்பாவிடமும் படித்துக் காட்டினேன், பி.வி.சி. கால் யோசனையில் அவருக்குப் பரம திருப்தி. இப்போதைக்கு முடிவு இது: கிழக்குச் சுவரோரம் ஆறடியில் இரண்டு ஸ்டாண்ட், படிக்கட்டு அறைக்கு அந்தப் பக்கம் நிழல் வரும் இடமாக. இரண்டரை அடி உயரம், ஒரே தட்டு. பி.வி.சி. கால், ஜி.ஐ. ஆங்கிள் சட்டமும் குறுக்குச் சட்டமும், எல்லாம் போல்ட். மேலே பழைய தேக்குப் பலகை, கீழிருந்து ஸ்க்ரூ. சின்னத் தொட்டிகளுக்கு வடக்குச் சுவரோரம் அதே மாதிரி ஒன்று, ஆனால் அகலம் ஒரு அடி. ஆங்கிளும் போல்ட்டும் வாங்க மண்ணடிக்கு இந்த வாரம் போகிறேன். போல்ட் மட்டும் ஸ்டெயின்லெஸ் வாங்கலாமா?

கரைவலை (காசிமேடு)

வாங்கு, 10 எம்.எம்., 316 கிடைத்தால் 316. ஜி.ஐ.யோடு ஸ்டெயின்லெஸ் நேராக ஒட்டினால் உப்புத் தண்ணீரில் ஜி.ஐ. பூச்சைத் தின்னும், அதனால் போல்ட் தலைக்கும் நட்டுக்கும் அடியில் நைலான் வாஷர் போட்டுக்கொள். முடுக்கும் முன் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவு, இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ் நட்டு பாதியில் இறுகிக்கொண்டு முன்னும் போகாது பின்னும் வராது. துளை போட்ட இடத்தில் வெறும் இரும்பு தெரியும், அங்கே துத்தநாக பிரைமர் தொட்டு வை. மண்ணடியில் ஆங்கிளை அங்கேயே அளவுக்கு அறுத்துத் தரச் சொல், இருபதடி நீளத்தை ஷேர் ஆட்டோவில் ஏற்ற முடியாது.